கர்ப்பிணிக்கு முதல் இலை

கர்ப்பம் தரித்திருக்கும் பெண் என்ன சாப்பிட வேண்டும் என்ற கேள்வியை, மீஞ்சூர், வள்ளூர், அத்திப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களில் எனக்குப் பழக்கமான குடும்பத்தார் பலர் என்னிடம் கேட்பதுண்டு. குங்குமப்பூ வாங்கலாமா, டப்பாவில் வரும் மாவுகளில் எது உயர்ந்தது, ஆப்பிள் தினம் ஒன்று போதுமா என்று அந்தக் கேள்வி பலவாறாகக் கிளைத்து வரும். கேட்கிறவர்களுடைய அன்பில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆயினும், ஒரு ஸ்திரீ என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரிப்பதற்கு முன்னால், அவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள், யார் யார் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுகிறாள், குழம்புச் சட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்போது சாப்பிடுகிறாள் என்பவற்றைத் தெரிந்துகொள்ளாத வரையில், ஆப்பிளைப் பற்றிப் பேசுவதால் பெரிய பிரயோஜனம் எதுவும் விளையாது என்பதே என் அபிப்பிராயம்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். கர்ப்பிணிகளின் பரிசோதனைக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நாளில், காலை எட்டு மணிக்கே பெஞ்சுகளில் வந்து அமர்ந்திருக்கும் பெண்களிடம் "காலையிலே என்னம்மா சாப்பிட்டே?" என்று நர்சம்மா கேட்டால், பாதிப் பேருக்கு மேல் "டீ குடிச்சேன் சிஸ்டர்" என்று சொல்லுவார்கள். வீட்டில் இட்லி இல்லாமலில்லை. கணவனுக்கு டிபன் கட்டி, மாமனாருக்கு எடுத்து வைத்து, மூத்த குழந்தைக்கு ஊட்டிப் பள்ளிக்கு அனுப்பி, அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால், இட்லி பாத்திரத்தில் இருக்க, இவள் டீயோடு புறப்பட்டு வந்துவிட்டாள். இதிலே யாருடைய துர்க்குணமும் இல்லை. நெடுங்காலமாக நம் கிருகங்களில் ஊறிப்போன ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் சமைத்தவள் கடைசி. கர்ப்பம் தரித்தாலும் அந்த வரிசை மாறுவதில்லை. அதை மாற்ற வேண்டும் என்று மன்றாடுவதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

எவ்வளவு கூடுதலாக?

கர்ப்பிணி இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பது ஒரு கட்சி. வயிற்றுப் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகிவிடும், ஆகையால் அளவாகச் சாப்பிடு என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரரும் ஒரே வீட்டில் இருந்து, நடுவில் அந்தப் பெண் திகைத்து நிற்பதும் உண்டு. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவு இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லுகிறது. சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு வேண்டியதற்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி போதும். புரதம் மட்டும் நடு மூன்று மாதங்களில் 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும்.

கணக்கைச் சமையலறை மொழியில் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய ஒரு கேழ்வரகு அடையும் ஒரு டம்ளர் பாலும் ஏறக்குறைய அந்த 350 கலோரியைத் தந்துவிடும். ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, இவை மூன்றும் சேர்ந்தால் கடைசி மாதங்களுக்கு வேண்டிய அதிகப் புரதம் கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டு பேருக்கான சோறு வேண்டியதில்லை. ஆனால் வழக்கமான சோற்றோடு சேரவேண்டிய பருப்பும் கீரையும் முட்டையும் அவளுடைய தட்டுக்கு வந்து சேர வேண்டும். கடைசியில் சாப்பிடுகிறவளுக்குச் சோறு இருக்கும், ரசம் இருக்கும். பருப்பும் பொரியலும் முட்டையும்தான் அதற்குள் தீர்ந்து போயிருக்கும். வரிசையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

பிரசவம் சுலபமாக வேண்டும் என்று உணவைக் குறைப்பது மிகுந்த அபாயம். அதனால் சிசு எடை குறைந்து பிறக்கிறது. எடை குறைந்த சிசுவுக்கு நோயை எதிர்க்கும் சக்தியும் குறைவு. போதிய எடையோடு கர்ப்பத்தைத் தொடங்கிய ஒரு பெண் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ வரை ஏறுவது இயல்பு. மெலிந்த தேகத்தோடு தொடங்கியவள் அதற்கும் மேல் ஏற வேண்டும். ஏற்கெனவே பருத்த தேகமுடையவள் குறைவாக ஏறினால் போதும்.

ரத்தமும் ஒரு பழைய சரித்திரமும்

நம் பெண்களை இன்றும் வாட்டுகிற பெரிய குறை ரத்தசோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை இருந்தது. டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இறங்கினால் அது சோகை. 7க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்தான கடும் சோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், சதா தூக்கம் வருவதையும் "மசக்கைதானே" என்று விட்டுவிடுகிறோம். அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், சிலேட்டுக்குச்சி, பச்சரிசி இவற்றைத் தின்ன ஆசைப்படுவதையும் கர்ப்பத்தின் விளையாட்டாக எண்ணி ரசிக்கிறோம். அந்த ஆசை பல சமயங்களில் தேகத்தில் இரும்புச்சத்து வற்றிப்போனதன் அடையாளம். அப்படி ஒரு பெண் சொன்னால், சிரிக்காமல், அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இந்தச் சோகையின் சரித்திரத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில், ரத்த அணுக்கள் அளவு மீறிப் பெருத்துப் போகிற ஒருவகைக் கடும் சோகைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். கிருமியால் வருகிறதோ என்று முதலில் தேடிய லூசி வில்ஸ், பிறகு அந்தப் பெண்கள் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து, அதே ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எலிகளுக்கும் சோகை வரக் கண்டார். ஈஸ்ட் சாரமாகிய மார்மைட் என்னும் மலிவான பண்டத்தைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931இல் அவர் இதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைக்கும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. ஈஸ்டில் மறைந்திருந்த அந்த வஸ்துவைப் பத்து வருஷங்கள் கழித்து, 1941இல், ஸ்பினாச் என்னும் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதுவே ஃபோலிக் அமிலம். அதை 1945இல் ரசாயன முறையில் தயாரித்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பம்பாய் ஆலைப் பெண்களின் வியாதிக்குக் காரணம் அவர்களுடைய தட்டிலேயே இருந்தது என்பதும், அதைக் கண்டுபிடிக்க ஒருவர் அக்கறையோடு "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்க வேண்டியிருந்தது என்பதும், தொழிற்பேட்டைகளின் நடுவே வாழும் நாம் மறக்கக் கூடாத விஷயங்கள்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றி இன்னொரு செய்தி மிக அவசியமானது. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொண்டுவிடுகிறது. கர்ப்பம் என்று அவள் உறுதிசெய்துகொள்வதற்குள் அந்தக் காரியம் பல சமயங்களில் முடிந்தே விடும். ஆகையால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையை ஆரம்பித்துவிடுவது உத்தமம். நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்குத் தினம் ஒன்றாக, இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

அந்த இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பயந்து, வாங்கின மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தையின் நிறம் தாய் தந்தையரின் வம்சத்திலிருந்து வருவது. மாத்திரையால் கறுப்பதும் இல்லை, குங்குமப்பூவால் சிவப்பதும் இல்லை. மாத்திரையால் மலம் கறுத்துப் போவது சகஜம், மலச்சிக்கலும் வரலாம். கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் அதற்குப் பரிகாரம். மாத்திரையைச் சாப்பிட்டவுடன் டீ குடித்தால், டீயிலுள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சம்பழச் சாற்றோடோ, நெல்லிக்காயோடோ, கொய்யாப்பழத்தோடோ மாத்திரையைச் சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காமல், ஒன்றுக்கும் மற்றதற்கும் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

நம் மண்ணில் விளைவது

போஷாக்கு என்பது தூர தேசத்திலிருந்து வரவேண்டிய வஸ்து என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே புகுந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் கிராமம் கிராமமாகக் கீரை பயிராகி, விடியற்காலையில் கட்டுக் கட்டாகப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வேர்க்கடலை விளைகிறது. ஆடி மாதத்தில் பெரியபாளையத்தம்மனுக்கு வார்க்கிற கூழின் கேழ்வரகில், நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; அரிசிக்கு இந்தப் பெருமை கிடையாது. கூழோடு தொட்டுக்கொள்ளும் முருங்கைக்கீரைப் பொரியலில் இரும்பும் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வருஷத்தில் ஒரு நாள் வார்க்கிற கூழைக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் வார்த்தால், அந்த அம்மனுக்கு அதைவிடப் பெரிய ஆராதனை இருக்க முடியாது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

மீன் சாப்பிடுகிற குடும்பங்களுக்குப் பழவேற்காடு கூப்பிடு தூரம். சிசுவின் மூளை வளர்ச்சிக்கு மீன் கொழுப்பு மிகவும் உதவும் என்பதால், வாரத்தில் இரண்டு முறை சாப்பிடுவது நல்லது. நெத்திலி, மத்தி, கானாங்கத்தை, சங்கரா போன்ற சிறிய மீன்களே சிறந்தவை. சுறா, பெரிய வஞ்சிரம் முதலிய வேட்டை மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். அது சிசுவின் நரம்புகளைத் தாக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது கடற்கரையோரச் சம்பிரதாயமாக இருந்தாலும், கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதைத் தவிர்த்துவிட்டு, நெத்திலியைப் புட்டாக உதிர்த்துக் கொடுத்தால் ருசிக்கும் குறைவில்லை. கருவாட்டில் உப்பு மிகுதி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தொடாதிருப்பது க்ஷேமம்.

இந்த இடத்தில், எங்கள் வட்டாரத்துக்கென்றே உள்ள ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம்; அதற்கு அப்பால் வடசென்னை அனல் மின் நிலையம்; துறைமுகங்கள்; வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். நாட்டுக்கு வெளிச்சமும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கிற இவற்றின் நடுவே, கொசஸ்தலை ஆறு சாம்பலைச் சுமக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதைத் தமிழ்நாடே பார்த்தது. மீஞ்சூர்ப் பக்கத்தில், பல்லாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததனால், கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. தண்ணீரையும் கேனில் விலைக்கு வாங்குகிற வீட்டில், பாலுக்கும் முட்டைக்கும் ஒதுக்கக்கூடிய பணத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குப் போய்விடுகிறது.

ஆகையால் கர்ப்பிணிகள் இங்கே சற்று அதிகமான சிரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கழிமுகத்தில் பிடித்த சிப்பியையும் நண்டையும் விட்டுவிட்டுக் கடலில் பிடித்த மீனை வாங்குவது, கீரையையும் காயையும் தூசி போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவது, குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது ஆகியவை அவளால் செய்யக்கூடியவை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்புப் போகாது. நல்ல குடிநீரைக் குழாயில் கொண்டு வருவதும் ஆற்றைச் சுத்தமாக வைத்திருப்பதும் எந்தக் கர்ப்பிணியின் கையிலும் இல்லை. வயிற்றில் சிசுவைச் சுமப்பவளிடம் ஊரின் சுகாதாரத்தையும் சுமக்கச் சொல்லுவது நியாயமாகாது. அது பஞ்சாயத்தும் ஆலைகளும் சர்க்காரும் சேர்ந்து சுமக்க வேண்டிய கடமை.

ஷிப்டுக்குப் போகிறவள்

கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர். காலை ஆறு மணி ஷிப்ட் என்றால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் காலை நேரத்தில்தான் குமட்டல் அதிகம். வெறும் வயிறு அதை இன்னும் அதிகமாக்கும். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே ஒரு ரஸ்க்கோ, ஒரு பிடி பொரியோ வாயில் போட்டுக்கொண்டு, சற்றுப் பொறுத்து எழுந்து நடமாடினால் குமட்டல் மட்டுப்படும். மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதைவிட, அதே ஆகாரத்தை ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது கர்ப்பிணிக்கு ஏற்றது. ஷிப்டுக்குப் போகிறவளின் பையில் அவித்த முட்டை, கடலை உருண்டை, சுண்டல், வாழைப்பழம் இவற்றில் இரண்டு வகையாவது எப்போதும் இருக்கட்டும். அதைத் தின்பதற்குப் பத்து நிமிஷம் கொடுப்பது சூபர்வைசருடைய தர்மம்.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒரு விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்கு அடிக்கடி போகப் பர்மிஷன் கிடைக்காது, அல்லது போனால் சுத்தமாக இருக்காது என்பதற்காக, எட்டு மணி நேரமும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிற கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. அது முற்றினால் குறைப்பிரசவம் வரைக்கும் கொண்டுபோய் விடும். எங்கள் பக்கத்து வெயிலில், கர்ப்பிணி நாளைக்கு எட்டிலிருந்து பத்து டம்ளர் வரை தண்ணீர் குடித்தாக வேண்டும். போஷாக்கு என்ற பேச்சில் கழிப்பறைக்கும் இடம் உண்டு என்பதை ஆலை நிர்வாகிகள் மனத்தில் வாங்கிக்கொண்டால், அவர்கள் செய்கிற தர்மங்களில் அது ஒரு பெரிய தர்மமாகும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கான்டீன் வைக்க வழிசெய்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்று ஆயிற்று. கர்ப்பமானதை மறைத்துக்கொண்டு, பாரம் தூக்கிக்கொண்டு, வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு இதைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டும்.

செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வருகிற பெண்களையும், சிப்காட்டுக்கு வடநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களையும், ஏரிக்கரைகளில் வசிக்கும் இருளர்களையும் இந்தப் பேச்சில் விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் முதலியவை சேர்ந்தது. கர்ப்பிணி என்று பதிந்துகொண்டவளுக்கு அது இலவசம். பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணாகிய பிக்மி எண் வாங்கிக்கொண்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். தகுதி உள்ளவர்களுக்குப் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் வரையில் கிடைக்கிறது. நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்பு டானிக் முதலியவை அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அதில் சேர்த்தி. உங்கள் தெருவில், மொழி தெரியாத ஒரு கர்ப்பிணி இருந்தால், அவளை அங்கன்வாடி வரைக்கும் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

ஒரு சொல் பெட்டகத்தைப் பற்றி. அது அவளுக்காகக் கொடுக்கப்படுவது. நெய் எல்லோருடைய பருப்புக்கும், பேரீச்சம்பழம் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும், மாவு எல்லோருடைய கஞ்சிக்கும் என்று ஆகிவிட்டால், சர்க்கார் கொடுத்ததும் சட்டியின் அடிவரிசைக்கே போய்ச் சேரும்.

சர்க்கரையும் சில பயங்களும்

கர்ப்ப காலத்தில் வருகிற சர்க்கரை நோய் நம்மவர்களிடையே பெருகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கும் முறையை எளிமையாக்கி இந்தியா முழுவதும் பரப்பியவர்களில் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா. அவருடைய பிறந்த நாளாகிய மார்ச் 10ஆம் தேதியையே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்; 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். இதற்காக வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்ற அவசியமில்லை என்பது, தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவளுக்குப் பெரிய அனுகூலம். சர்க்கரை இருப்பது தெரிந்தால் பட்டினி கிடக்கக் கூடாது. சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டி, வேளைகளைப் பிரித்துச் சாப்பிட்டு, வெல்லமும் பழரசமும் மட்டும் தள்ளிவைத்து, மருத்துவர் சொற்படி நடந்தால் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வந்துவிடும்.

பப்பாளியைக் கண்டு நடுங்குவதைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். பால் வடிகிற பப்பாளிக்காயைத் தவிர்ப்பது சரிதான். நன்றாகக் கனிந்த பழத்தை அளவோடு தின்பதால் கெடுதல் இல்லை. காய்ச்சாத பால், பச்சை முட்டை, சரியாக வேகாத இறைச்சி, தெருவோரத்தில் ஈ மொய்க்கும் வெட்டிய பழம் இவற்றைக் கண்டே உண்மையில் பயப்பட வேண்டும். ஏதாவது நோயோ, ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் நான் எழுதியதை அப்படியே பின்பற்றாமல், தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

வளைகாப்பு கற்றுத் தருவது

இவ்வளவும் எழுதின பிறகு, நம் சம்பிரதாயத்திலேயே இதற்கெல்லாம் விடை இருப்பதை எண்ணி எனக்கு ஒரு தைரியம் பிறக்கிறது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்துகிறோம். அன்றைக்கு அவளை மணையில் உட்கார வைத்து, வளையல் அடுக்கி, எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று வகைவகையாகச் சமைத்து, முதல் இலையை அவளுக்குப் போடுகிறோம். அன்றைக்கு மாமியாரும் பரிமாறுகிறார், நாத்தனாரும் பரிமாறுகிறார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோம்மா" என்று சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். சீர் செய்ய வசதியற்றவர்களும் இந்த மரியாதையைப் பெற வேண்டும் என்று, அங்கன்வாடிகளின் வழியே சர்க்காரே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. கர்ப்பிணிக்கு முதல் இலை என்பதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். அந்த ஒரு நாளின் முறையைக் கர்ப்பத்தின் 280 நாளுக்கும் நீட்டிக்க வேண்டியது நம் பொறுப்பு.

மாமியார்மார்களே, நீங்கள் கர்ப்பிணியாக இருந்தபோது உங்களுக்குக் கடைசியில்தான் தட்டு வந்தது என்பதை நான் அறிவேன். அந்த வரிசையை மாற்றுகிற அதிகாரம் இன்று உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் வேறு யார் சொன்னாலும் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கணவன்மார்களே, பருப்பும் கீரையும் முட்டையும் அவள் தட்டில் விழுந்த பிறகே உங்கள் தட்டைக் கழுவிக்கொண்டு வாருங்கள்; மாத்திரை சாப்பிட்டாளா என்று இரவில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆலையில் பொறுப்பில் இருப்பவர்களே, உங்கள் பிரிவில் ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால், அவளுக்கு உட்கார ஒரு நாற்காலியும், தின்னப் பத்து நிமிஷமும், குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். கர்ப்பிணிப் பெண்ணே, எல்லாரும் சாப்பிட்டாகட்டும் என்று நீயும் காத்திராதே. பசித்தபோது சாப்பிடுவது சுயநலம் என்று உனக்குள்ளே யாரோ சொல்லி வைத்திருந்தால், அந்தச் சொல்லை நம்பாதே. உன் பசியில் ஒரு பங்கு உன் குழந்தையுடையது.

இதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை, கடைக்குப் போக வேண்டியதும் இல்லை. இன்று இரவு உங்கள் வீட்டில் சமைத்திருப்பது எதுவோ, அதில் முதல் கரண்டியை அவளுடைய தட்டில் போடுங்கள்.